மறியல் வாசலில் நின்ற வரிசை

மறியல் என்று நாங்கள் சொல்லும் சிறைக்குள் போவதற்காக ஆட்கள் வரிசையில் நின்றதை நான் ஒரேயொரு நாள்தான் பார்த்திருக்கிறேன். குற்றம் செய்தவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மடிப்புக் கலையாத சட்டை, முகக்கவசத்துக்கு மேலே தங்கப் பிரேம் கண்ணாடி, விரலில் சுழலும் கார்த் திறப்பு. வாசலில் நின்ற காவலர் என்ன விஷயம் என்று கேட்டபோது எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது. பாண் வாங்க வந்தோம்.

அந்த முகாமின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதன் கெடுபலன் இன்னும் உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் போய்ச் சேரும். எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலுக்கும் தென்னந்தோட்டத்துக்கும் நடுவில் உள்ள சின்ன மறியல் முகாம் என்பது போதும். சிறிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களை அங்கே வைத்து வேலை வாங்குவார்கள். கைதிகள் கோதுமை மாவைப் பிசைந்து பாண் போடுவார்கள், கத்தரியும் வெண்டியும் நடுவார்கள், ஈர்க்கில் விளக்குமாறு கட்டுவார்கள். அவற்றை ஊராருக்கு விற்க, வெளி வேலியோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. கைதிகள் இருப்பது அதற்கும் பின்னால், முள்ளுக்கம்பியால் அடைத்த உள் வேலிக்குள்.

என் அக்காவின் கணவர் அந்த உள் வேலிக்குள் இருந்தார். அத்தான் உழவு இயந்திரச் சாரதி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்றுமண் ஏற்றினார் என்று பொலிஸ் பிடித்தது. அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டியவர் இயந்திரத்தின் சொந்தக்காரர். அவர் நீதிமன்றத்துக்கு வந்து இயந்திரத்தை மீட்டுக்கொண்டு போனார். சாரதியை மீட்கவில்லை.

அத்தானுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு. ஆஸ்துமா என்று வைத்தியர்கள் சொல்வார்கள். சூடடிக்கும் காலத்தில் நெல்லுத் தூசி மூக்கில் ஏறினால் மூச்சை இழுத்து இழுத்து, சுவரில் சாய்ந்தபடி இரவைக் கழிப்பார். வாயில் வைத்து அடிக்கும் பம்பு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மறியலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொடுத்தார்கள். கேட்டவுடன் கொடுத்தார்களா என்பது வேறு விஷயம்.

பெருந்தொற்றின் இரண்டாவது வருடம் அது. கைதிகளைப் பார்க்கப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அக்கா சவர்க்காரமும் பம்பும் வாங்கி வாசலில் கொடுத்துவிட்டு, அது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் திரும்பி வருவாள். ஒவ்வொரு முறையும் வந்தவுடன் எனக்குத் தொலைபேசி எடுப்பாள்.

"தம்பி, தோளும் தோளும் முட்டத்தான் படுக்கிறாங்களாம். ஒருத்தனுக்கு வந்தா எல்லாருக்கும்தானே? அதைத் தாங்க இந்த மனிசனுக்கு மூச்சு எங்க கிடக்கு?"

நான் பிராந்தியச் செய்தியாளன். தொற்று எண்ணிக்கையைத் தினமும் கொழும்புக்கு அனுப்புகிற வேலை.

அப்போதுதான் முகாமுக்குத் தடுப்பூசி ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. கைதிகளுக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து. அதில் நியாயம் இருந்தது. மறியலில் இருக்கிறவன் விலகி நிற்க முடியாது, வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க முடியாது, காய்ச்சல்காரன் பக்கத்தில் படுத்தால் பாயை எடுத்துக்கொண்டு வேறு இடம் போக முடியாது. நோய் உள்ளே வருவது காவலர்களோடு. அவர்கள் அதை வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். எனவே இரு பகுதியினருக்கும் முதலில் போடவேண்டும். இதை யோசித்துத் தீர்மானித்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு என் மரியாதை. அவருடைய தீர்மானம் வாவியைத் தாண்டி மேற்கே வரும் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

பத்திரிகையிலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். "ஒரு படம், நூறு சொல். கைதியின்ர முகம் தெரியக்கூடாது. கையும் ஊசியும் இருந்தாக் காணும்."

அக்காவும் அழைத்தாள். "படம் எடுக்கக்குள்ள அவருக்குப் போட்டவங்களா எண்டு பாத்துச் சொல்லு தம்பி. வேற ஒண்டும் வேணாம்."

நான் இருப்பது நாவற்குடாவில். காலையில் மோட்டார்சைக்கிளைப் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்தேன். முகாமை நெருங்கியபோது வீதியோரம் கார்கள் நின்றன. படுவான்கரையில் கல்யாண வீடு என்றாலும் அவ்வளவு கார்கள் நிற்பதில்லை.

உள்ளே இருந்த மண்டபத்தில் புதிதாகக் கொண்டுவந்த கைதிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்ததால், ஊசி போடும் மேசையைப் பாண் விற்கும் கொட்டகையில் வைத்திருந்தார்கள். ஒரு தாதி, அவருக்கு உதவியாக இருவர், மருந்தின் குளிர் குறையாமல் வைத்திருக்க வெள்ளை ரெஜிபோம் பெட்டி. கைதிகளைச் சிறு சிறு குழுவாக உள் வேலியின் கதவைத் திறந்து கொண்டுவரவேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் காவலர் வேண்டும். காவலர்களில் பாதிப் பேர் தொற்றுக்காரருடன் பழகியதால் வீட்டில் அடைபட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கதவு மெதுவாகத் திறந்தது. வெளிக் கதவுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. அது பாண் வாங்குகிறவர்களுக்காக எப்போதும் திறந்திருக்கும் கதவு.

தாதி மேசை முன் உட்கார்ந்து கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. முன்னால் வந்து நின்றவருக்குப் போட்டார். வந்தவர்கள் எல்லோரும் அத்தியாவசிய சேவை என்றார்கள்.

"மிஸ், நாங்க ஜெயிலர் ஐயாட ஆக்கள்," என்றார் ஒரு பெண்மணி.

"எந்த ஜெயிலர்?"

"இஞ்சத்த ஜெயிலர்தான். பேர் சொல்லோணுமா?"

அவருக்குப் பின்னால் நின்றவர் தொலைபேசியில் யாரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "கெதியா வாடாப்பா. ஓம், மறியலுக்குத்தான். என்னத்துக்கு வெக்கம்? உன்னை உள்ளுக்க போடமாட்டாங்க, கையிலதான் போடுவாங்க."

வரிசை சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அரச அதிகாரி. எனக்குப் பழக்கமானவர். என்னைக் கண்டதும் தானாகவே விளக்கம் சொன்னார்.

"நான் அரசாங்க ஆள்தானே தம்பி. மறியலும் அரசாங்கம்தானே."

உள் வேலிக் கதவடியில் நின்ற காவலர் அதைக் கேட்டுவிட்டார். "அப்ப உள்ளுக்க வாங்க ஐயா," என்றார். "ஒரு பாய் தாறன். தலைமாட்டில மூத்திரச் சட்டி, கால்மாட்டில கொலைகாரன்."

அங்கே கொலைகாரர்கள் இல்லை. அவர் வாயில் வந்ததைச் சொன்னார். ஏறாவூர் முஸ்லிம், ஐம்பதை நெருங்கிய வயது, இடுப்பில் திறப்புக் கோர்வை, அங்கே எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர். அவரிடம் போய் நின்றேன். உள்ளே என் அத்தான் இருக்கிறார், முட்டு வருத்தக்காரர், அவருக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"மண் மிசின் ஓடினவரா? இன்னும் இல்ல தம்பி. ரெண்டு கூட்டம்தான் வெளிய எடுத்த."

"உங்களுக்கு, காக்கா?"

"எனக்கா?" அவர் இடுப்பிலிருந்த திறப்பைத் தட்டிக் காட்டினார். "இத வெச்சிக்கிட்டு எங்க போற? மாத்திவிட ஒருத்தன் இல்ல. காலையிலிருந்து இந்த வாசலத் திறந்து பூட்டிக்கிட்டு நிக்கன். அங்க பாருங்க, அந்த ரெண்டாவது கதிரையில இருக்கிறவர். எங்கட டிப்பார்ட்மென்டுக்கு எப்ப வந்து சேந்தவர் எண்டு கேட்டுச் சொல்லுங்க. சம்பளமும் எடுக்காரோ தெரியா."

ஊசி போட்டவர்கள் மயக்கம் வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகவேண்டும். அதற்கு மாமரத்தின் கீழ் நீலநிறப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கதிரைகள் நிறைந்திருந்தன. பாண் வாங்க வந்தோம் என்று சொல்லிவிட்டதால் எல்லோரும் உண்மையிலேயே பாணும் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பாண். அந்தப் பாணைக் கைதிகள் விடியற்காலையில் எழுந்து போட்டிருந்தார்கள்.

அவர்கள் மீது எனக்கு வந்த கோபம் இன்னமும் குறையவில்லை. அவர்களுக்கும் பயம் இருந்தது, வீட்டில் வயதானவர்கள் இருந்தார்கள், நகரத்தில் மருந்து தட்டுப்பாடு. எல்லாம் தெரியும். பயந்தவன் வரிசையில் முந்துவதை நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் அவர்கள் ஓடிப்போக முடியாதவர்களை முந்தினார்கள். சத்தம் போட முடியாதவர்களை முந்தினார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது அடி தூரத்தில் கைதிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முந்தினார்கள். ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. முகாமின் இரண்டாம் நிலை அதிகாரி கொட்டகைக்கு வந்தார். காலையிலிருந்து கார்க்காரர்களை வரவேற்று உட்காரவைத்தவர் அவர்தான்.

"பேப்பர்காரத் தம்பி, இன்னும் படம் எடுக்கல்லயா?"

"அடுத்த கூட்டம் வரட்டும் சேர்."

"கூட்டம் என்னத்துக்கு? ஒராள் காணும்." அவர் உள் வேலிப் பக்கம் குரல் கொடுத்தார். "படத்துக்கு ஒராளை அனுப்பு."

காக்கா கதவைத் திறந்து, உள்ளே போய், என் அத்தானைக் கொண்டுவந்தார். இப்படியாவது ஊசி கிடைக்கட்டும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தான் மெலிந்திருந்தார். கழுத்தடி எலும்பு துருத்தித் தெரிந்தது. என்னைக் கண்டதும் கண் சிரித்தது. கதிரையில் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்மட்டும் சுருட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஊசிக்குப் பயந்தவர் அவர்.

தாதி எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சுது சேர்," என்றார் மெதுவாக.

"படத்துக்குத்தானே மிஸ். வெறும் ஊசியக் கிட்டப் பிடிங்க."

தாதி ஒரு வெற்று ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றாமல், அத்தானின் கையருகே பிடித்தார். அவருடைய பார்வை மேசையில் இருந்தது. அத்தான் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எடுங்க தம்பி," என்றார் அதிகாரி.

நான் தொலைபேசியைக் கீழே இறக்கினேன். "மருந்தில்லாத ஊசிய நான் படம் எடுக்கமாட்டன் சேர்."

அத்தான் கண்ணைத் திறந்தார். "போட்டாச்சா? குத்தினது தெரியல்லயே."

நான் திரும்பி மாமரத்தடிக் கதிரைகளைப் பார்த்துத் தொலைபேசியை உயர்த்தினேன். முகக்கவசங்கள் கண்ணுக்குக் கீழேவரை ஏறின. அதுவும் போதாது என்று சிலர் மடியிலிருந்த பாணைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார்கள். அப்படியே எடுத்தேன்.

அதிகாரியின் உள்ளங்கை என் தொலைபேசியை மறைத்தது. "மறியல் வளவுக்குள்ள படம் எடுக்கிறது குற்றம், தெரியுமா?"

"இவ்வளவு நேரமும் எடு எடு எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அது வேற. இது வேற."

"என்ன வேற? இதுவும் மறியல்ல ஊசி போட்ட ஆக்கள்ர படம்தான்."

"தம்பிக்கு இப்ப என்ன வேணும்?"

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தவருக்கு ஊசி வேணும். அவருக்குப் பின்னால நிக்கிற எல்லாருக்கும் வேணும். இது அவங்களுக்கு வந்த மருந்து."

"முடிஞ்சு எண்டு மிஸ் சொன்னது கேக்கல்லயா?"

அப்போது தாதி, எங்கள் யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்: "பின்னேரம் வாற ஆக்களுக்கு எண்டு எடுத்துவெச்ச பெட்டி கிடக்கு சேர். பன்னிரண்டு பேருக்குக் காணும்."

பின்னேரம் வரவிருந்தவர்கள் யார் என்று நான் அதிகாரியிடம் கேட்டேன். அவர் அத்தானின் தோளில் கைவைத்தார். எங்களுக்குள் உறவு என்று அதற்குள் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

"இவருக்கு முதல்ல போடுங்க மிஸ். தம்பிட ஆள்தானே."

அத்தான் எழுந்துவிட்டார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கினார். "இல்ல சேர். உள்ளுக்க கேட்டுத்தான் ஆரு எண்டு சொல்லோணும்."

"அத்தான், இருங்க!" என்றேன்.

"எனக்கு வாற மாசம் விடுதலை, மச்சான்," என்று சொல்லிவிட்டு அவர் கதவை நோக்கி நடந்தார்.

எனக்கு விளங்கவில்லை. காக்காதான் சொன்னார். அந்த முகாமில் கைதிகளுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. யார் ஏற்படுத்தியது என்று அவருக்கும் தெரியாது, அவர் வேலைக்கு வந்த காலத்திலிருந்தே உண்டு. உள்ளே எது வந்தாலும், புதுப் பாய், சவர்க்காரம், வைத்தியரைப் பார்க்கும் முறை, காற்று வரும் ஜன்னலோரம், எல்லாம் நாள் அதிகம் உள்ளவனுக்கு முதலில். வெளியே போகப்போகிறவனுக்குக் கடைசியில். அவனுக்கு வெளியில் கிடைக்கும் என்பது கணக்கு. புதிதாக வருகிறவனிடம் என்ன குற்றம் என்று கேட்கமாட்டார்களாம். எப்ப வெளிய என்றுதான் கேட்பார்களாம்.

"அடிபிடி இல்லாம நாங்க இந்த வாசல்ல நிக்கிறது அந்தச் சட்டத்தாலதான் தம்பி. எங்கட சட்டத்தால இல்ல."

கம்பி வேலியடியில் நின்று அத்தானைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கம்பியில் பிடிக்காமல், தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் இவனுகளோட படுக்கிறவன் மச்சான். முந்திப் போட்டுட்டுப் போய் எந்த மூஞ்சியோட படுக்கிற? இன்னும் கொஞ்ச நாள்தானே. மறுகா ஊரில போடுவாங்கதானே?"

ஓம், ஊரில் போடுவார்கள் என்று நானும் நம்பினேன். கிராமம் கிராமமாகத் தடுப்பூசி வரவிருக்கிறது என்று நானே செய்தி அனுப்பியிருந்தேன்.

காவலருக்கென்று ஒன்றை விட்டு, உள்ளிருந்தவர்கள் பதினொரு பேரை அனுப்பினார்கள். ஒரு கிழவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவரின் கால்கள் நீரிழிவில் வீங்கியிருந்தன. தெரிவு அவர்களுடையது, அதில் பிழை சொல்ல எனக்கு இடமில்லை. பன்னிரண்டாவதாகத் தாதி காவலரைக் கூப்பிட்டார். "காக்கா, நீங்களும் வாங்க." திறப்பை யாரிடம் கொடுப்பது என்று அவர் கேட்டார். கடைசியில் அதிகாரியே திறப்புக் கோர்வையை வாங்கிக்கொண்டு கதவடியில் நின்றார். அந்த அதிகாரி தன் வேலையைச் செய்வதை அன்றைக்கு அங்கே முதல்தடவையாகப் பார்த்தது போலிருந்தது.

இரண்டு படங்கள் அனுப்பினேன். ஒன்று பதினொரு பேரில் ஒருவரின் கை. மற்றது பாணுக்குப் பின்னால் மறைந்த முகங்கள். நூறு சொல் கேட்டவர்களுக்கு நானூறு சொல் எழுதினேன். மறுநாள் வந்தது நான்கு வரி. முகாமிலுள்ள கைதிகள், உத்தியோகத்தர்கள் அனைவருக்கும் தடுப்பூசி ஏற்றப்பட்டது என்று தலைப்பு. கை மட்டும் படமாக வந்திருந்தது.

செய்தி ஆசிரியருக்கு அழைத்தேன். "அனைவருக்கும் எண்டு நான் எங்க எழுதினன்?"

"அண்ணன், நீங்க அனுப்பினது செய்தி இல்ல, சண்டை. சனம் இப்ப நல்ல செய்தி ஒண்டு கேக்குது."

"பொய்ச் செய்தி கேக்குதா?"

"திருத்தம் ஒண்டு போடப் பாப்பம்."

போடவில்லை.

அடுத்த மாதம் அத்தான் வெளியே வந்தார். அவர் வந்த சில நாட்களில் ஊர்ப் பாடசாலைக்குத் தடுப்பூசி வந்தது. அக்கா அவரை விடியவே கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். பதிவு மேசையில் இருந்த உத்தியோகத்தர் ஊருக்குப் புதியவர் அல்ல. அத்தானைத் தெரிந்தவர்.

"நீங்க மறியல்ல இருந்தீங்கதானே? அங்க எல்லாருக்கும் போட்டாச்சே."

"எனக்குப் போடல்ல ஐயா."

"பேப்பர்ல வந்துதே." அவர் தொலைபேசியை எடுத்து விரலால் தள்ளித் தேடி, எங்களுக்கு நேரே திருப்பிக் காட்டினார். என் பத்திரிகை. நான்கு வரி. கை. "உங்கட பங்கு அங்க போயிட்டு. ரெண்டு தரம் போட ஏலா. முகாமில இருந்து போடல்ல எண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்க, பாப்பம்."

"இந்தச் செய்திய எழுதினது நான்," என்றேன். "நான் சொல்லுறன், இது பிழை."

"நீங்களே எழுதிப்போட்டு நீங்களே பிழை எண்டா நான் என்ன செய்யிற தம்பி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. "என்ர மனிசன்ர கையப் பாருங்க. ஊசி ஏத்தின கையா இது? மூச்சைக் கேளுங்க!" என்றாள். அடுத்தவரை வரச் சொன்னார்கள்.

வெளியே நின்றபடியே முகாமுக்குத் தொலைபேசி எடுத்தேன். அதே இரண்டாம் நிலை அதிகாரி. என் குரலை அவர் மறக்கவில்லை. "எங்கட கணக்கில எல்லாருக்கும் போட்டது," என்றார். "இல்லையெண்டு நான் எப்படிக் கடிதம் தாற?"

மாமரத்தடியில் உட்கார்ந்தவர்களின் ஊசிகள் கைதிகளின் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. யாரோ ஒரு கார்க்காரரின் கையில் ஏறியது என் அத்தானுக்கு ஏறியதாகிவிட்டது. பொய் சொல்லுகிறவன் வெட்கப்படுவான் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அன்றைக்கு அந்தத் தொலைபேசியில் கேட்ட குரலில் வெட்கம் இல்லை, அவசரமும் இல்லை. போகவேண்டிய எல்லா அலுவலகங்களுக்கும் நான் போனேன். எல்லா இடத்திலும் கதிரை தந்தார்கள், விளக்கம் கேட்டார்கள், அடுத்த சுற்று வரும் என்றார்கள்.

அடுத்த சுற்றுக்கு முன் காய்ச்சல் வந்தது. முதலில் அக்காவுக்கு, லேசாக. பிறகு அத்தானுக்கு. மூன்றாம் நாள் அவர் பேச்சை முடிக்க முடியாமல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அம்புலன்ஸ் வந்து சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனது. ஒட்சிசன் கொடுத்தார்கள். தன் தனிமைப்படுத்தல் முடிந்த நாளிலிருந்து அக்கா அந்த நிலையத்தின் வேலியடியில் போய் நின்றாள். மறியல் வாசலில் நின்ற அதே மாதிரி, கையில் ஒரு பொதியோடு. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்ல அங்கேயும் ஆளில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் ஏறாவூர்க் காக்கா அழைத்தார். அத்தானைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். "உள்ளுக்கும் பாதிப் பேருக்குக் காய்ச்சல் தம்பி," என்றார். "எனக்கும் வந்த, ரெண்டு நாள்ல போயிட்டு. கதிரவெளிப் பொடியன் ஒருத்தன், உங்கட அத்தான்ர பக்கத்துப் பாயில படுத்தவன், அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. திரும்பி வரல்ல."

அவனுக்கு ஊசி போட்டதா என்று கேட்டேன்.

"எப்படிப் போடுற? அவனுக்கும் விடுதலை கிட்டத்தானே."

கடலுக்குப் போகிறவன். முப்பது வயதும் இல்லை. முகாமின் கணக்கில் அவனுக்கும் ஊசி போட்டிருக்கும். அவனைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். அது வரவில்லை. அதன்பிறகு அந்தப் பத்திரிகைக்கு நான் எதையும் அனுப்பவில்லை.

அத்தான் பிழைத்தார். வீட்டுக்கு வந்தபோது கிணற்றடிக்கு நடந்து போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. உழவு இயந்திரத்தில் ஏறி இருந்தால் அந்த அதிர்வில் இருமல் கிளம்பிவிடுகிறது. இப்போது அவர் அதை ஓட்டுவதில்லை. நோய் வந்து போனவர்கள் சில மாதங்கள் கழித்துத்தான் ஊசி போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்கள் கழியும் வரை அவர் வீட்டு வளவைத் தாண்டவில்லை.

அதற்குள் மருந்து தாராளமாக வந்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், ஊசி போடாதவர்கள் உடனே வாருங்கள் என்று கூவியது. அதே பாடசாலைக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையே இல்லை. பதிவு மேசையில் இப்போது ஒரு இளம் பெண் இருந்தார். யாரும் கடிதம் கேட்கவில்லை, மறியல் பற்றியும் கேட்கவில்லை. அத்தானைக் கதிரையில் உட்காரவைத்து, பேனையை எடுத்தார்.

"ரெண்டாவதா, மூண்டாவதா ஐயா?"

"முதலாவது," என்றார் அத்தான்.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "முதலாவதா? இவ்வளவு நாளும் எங்க போயிருந்தீங்க? ஊரெல்லாம் கத்திக் கத்திக் கூப்பிட்டமே. உங்களை மாதிரி அசண்டையா இருக்கிற ஆக்களாலதான் மத்தவங்களுக்கும் பரவின. படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்க மாட்டீங்க, மறுகா வருத்தம் வந்த உடன எங்களக் குறை சொல்லுவீங்க."

மேசையில் கை ஊன்றிக் குனிந்தேன். மாமரத்தடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் முகத்தில் வீசுவதற்கு எனக்கு வார்த்தைகள் வந்துவிட்டன. அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை, ஆனால் விடவில்லை.

"பேசாத மச்சான்," என்றார். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "முதல்ல ஊசியப் போடட்டும்."

மறு கையால் சட்டையைத் தோள்மட்டும் சுருட்டினார். இம்முறை கண்ணை மூடவில்லை. ஊசி தோலுக்குள் இறங்குவதையும், மருந்து உள்ளே போவதையும், ஊசி வெளியே வருவதையும் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.